லம்பத்து மணலுக்கு ஸ்க்ரெம்ப்ளரைத் தயார் செய்வது எப்படி: சஸ்பென்ஷன் முழு வழிகாட்டி

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். பழைய ஆட்களின் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனை. செம்பனைக்கு நடுவே, ஒரு காலத்தில் ஈயம் அலம்பிய லம்பங்கள், அதாவது வெள்ளீயச் சுரங்கங்கள். ஈயத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அந்த மிச்சம்தான் இன்றைய குட்டைகளும், குட்டைகளைச் சுற்றிக் கிடக்கும் வெள்ளை மணலும். எங்கள் பக்கத்துப் பையன்கள் ஸ்க்ரெம்ப்ளர், அதாவது மண்ணிலும் மேட்டிலும் ஓட்டும் மோட்டார் சைக்கிள், ஓட்டப் போவது அங்கேதான்.

தோட்டத்துச் சாலை செம்மண். வெயிலில் காய்ந்தால் சிமெண்டு மாதிரி இறுகிவிடும். கடைசிச் செம்பனை வரிசையைத் தாண்டியதும் சட்டென்று மணல். செம்மண்ணில் சொன்ன பேச்சைக் கேட்ட வண்டி, மணலில் இறங்கியதும் வேறு வண்டி ஆகிவிடும். முன் சக்கரம் புதையும், ஹேண்டில் இடமும் வலமும் அடித்துக்கொள்ளும், பின்புறம் கழுதை மாதிரி உதைக்கும்.

அப்போது பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். தரை மெத்தென்று இருக்கிறது, சஸ்பென்ஷனையும் மெத்தென்று வைத்தால் ஒத்துப்போகும் என்று நினைத்து, சஸ்பென்ஷனின் இறுக்கத்தை மாற்றும் திருகுகளான கிளிக்கர் எல்லாவற்றையும் இடப்பக்கம் திருகித் தளர்த்திவிடுவார்கள். என் அக்கா மகன் அப்படித்தான் செய்தான். மூன்றாவது மேட்டில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முழுக்க அமுங்கி, அவன் ஹேண்டிலுக்கு மேலே பறந்து, காலர் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கையைத் தூக்குத் துணியில் போட்டுக்கொண்டு, "மாமா, இன்னும் கொஞ்சம் லூஸ் பண்ணியிருக்கணுமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்காக எழுத ஆரம்பித்ததுதான் இது.

மணலுக்கு வண்டியை இறுக்க வேண்டும். குறிப்பாக முன்புறத்தை. காரணம் புரியாமல் கிளிக்கரைத் தொட்டால் நானும் அவனும் ஒன்றுதான், அதனால் முதலில் காரணம்.

மணல் என்ன செய்கிறது?

கெட்டித் தரையில் சக்கரம் மேலே உருண்டு போகும். மணலில் உழுதுகொண்டு போகும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டாலே பிரேக் பிடித்த மாதிரி வேகம் குறையும். வேகம் குறையும்போதெல்லாம் எடை முன்னால் பாயும், ஃபோர்க் அமுங்கும். ஃபோர்க் அமுங்கினால் அதன் சாய்வு நிமிர்ந்துவிடும், முன் சக்கரம் கத்தி மாதிரி இன்னும் ஆழமாக இறங்கும். அது இன்னும் வேகத்தைக் குறைக்கும், எடை இன்னும் முன்னால் வரும். இந்தச் சுழற்சிதான் ஹேண்டில் ஆட்டத்துக்கு வேர்.

அடுத்தது மேடுபள்ளத்தின் வடிவம். செம்மண் சாலையில் சின்னச் சின்னக் கூர்மையான அடிகள். அவற்றை விழுங்க சஸ்பென்ஷன் இளகியிருக்க வேண்டும். மணல் தடத்தில் நாலு வண்டி ஓடிய பிறகு உருவாகும் மேடுகள் பெரியவை, உருண்டையானவை, வரிசையாக வருபவை. ஒவ்வொன்றும் சஸ்பென்ஷனின் முழு நீளத்தையும் கேட்கும். அங்கே இளகிய ஸ்பிரிங் ஒவ்வொரு பள்ளத்திலும் அடிமட்டம் தொடும். உலக மோட்டோகிராஸில் மணலுக்குப் பெயர்போன தடம் பெல்ஜியத்தின் லொம்மெல். அங்கே ஓட்டப் போகிறவர்கள் வழக்கமான அமைப்பைவிட இறுக்கமாகத்தான் வைத்துக்கொண்டு போவார்கள். அந்த வண்டியில் செம்மண் சாலையில் போனால் பல் ஆடும், அது வேறு விஷயம்.

ஆகவே வரிசை இது: முதலில் வண்டியின் உயரமும் சமநிலையும், அப்புறம் தாங்கும் பலம், கடைசியில் திரும்பி எழும் வேகம். பலர் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

கிளிக்கரைத் தொடுவதற்கு முன்

கெட்டுப்போன பாகத்தை எந்தக் கிளிக்கரும் சரிசெய்யாது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஸ்டாண்டு இல்லையென்றால் கெட்டியான மரப்பெட்டி போதும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். "டக்" என்று தட்டினால் ஹேண்டில் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலை மெதுவாகத் திருப்பும்போது நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல் நின்றால் பேரிங் தேய்ந்துவிட்டது. பின் சக்கரத்தை மேலே தூக்கி விடுங்கள். பின்புற ஷாக் அசைவதற்கு முன்பே சக்கரம் சில மில்லிமீட்டர் சும்மா ஏறினால், ஷாக்கைப் பின் சக்கரத்தோடு இணைக்கும் லிங்கேஜின் பேரிங்குகள் போய்விட்டன. லம்பத்து மணலும் குட்டைத் தண்ணீரும் சேர்ந்து லிங்கேஜைத் தின்பது போல் வேறு எதுவும் தின்னாது. கழற்றி, கழுவி, தண்ணீரில் கரையாத கிரீஸ் வைத்துத்தான் மறுபடி மாட்ட வேண்டும்.

ஃபோர்க் எண்ணெய் எப்போது மாற்றியது என்று நினைவில்லையென்றால் மாற்றுங்கள். ஓட்டி 20, 25 மணி நேரம் ஆகியிருந்தாலே மணலில் ஓட்டுகிறவர் மாற்றிவிட வேண்டும். எண்ணெய் மாற்றக் கொடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் கொடுத்துவிட்டுத் தே தாரேக் குடிக்கப் போனேன். வீட்டில் திறந்து பார்த்தால் ஒரு காலில் மற்றதைவிட 15 மில்லி குறைவு. இரண்டு மாதம் வண்டி ஏன் ஒரு பக்கம் இழுப்பது போல் இருக்கிறது என்று மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தேன்.

ஃபோர்க்கின் தலையில் சின்னக் காற்றுத் திருகு இருந்தால், சக்கரம் தரையைத் தொடாத நிலையில் அதைத் திறந்து சேர்ந்த காற்றை வெளியேற்றுங்கள். நம் ஊர் வெயிலில் இதை ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். உள்ளே அடைபட்ட காற்று சூடாகி, ஃபோர்க் காரணமில்லாமல் இறுகிப்போகும். ஸ்பிரிங் உள்ள ஃபோர்க்குக்கு மட்டும்தான் இந்த வேலை. காற்றையே ஸ்பிரிங்காக வைத்திருக்கும் ஃபோர்க்கில் கண்ட திருகையும் திறந்துவிடாதீர்கள்.

டயரில் காற்று 12 பிஎஸ்ஐ. கற்கள் இல்லாத சுத்த மணல் என்றால் 11-க்கு இறங்கலாம், டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் ரிம் லாக் இருந்தால் மட்டும். பற்கள் அகலமாக விலகியிருக்கும் மென்தரை டயர் இருந்தால் நல்லது.

நோட்டுப்புத்தகம்

கிளிக்கரை வலப்பக்கம் மெதுவாக முழுக்கத் திருகிக்கொண்டே கிளிக்குகளை எண்ணுங்கள். கம்ப்ரெஷன் (அமுங்குவதைக் கட்டுப்படுத்துவது) 12, ரீபவுண்ட் (திரும்பி எழுவதைக் கட்டுப்படுத்துவது) 14 என்பது போல் எழுதிக்கொண்டு அதே இடத்துக்குத் திருப்பி வையுங்கள். கடைசியில் முட்டும்போது பலம் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது மெல்லிய ஊசி முனை. எண்ணிக்கை எப்போதும் முழுக்க மூடிய இடத்திலிருந்துதான். வலப்பக்கம் திருகினால் இறுகும் அல்லது மெதுவாகும், இடப்பக்கம் திருகினால் இளகும் அல்லது வேகமாகும்.

எந்தக் கிளிக்கர் எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில ஃபோர்க்கில் கம்ப்ரெஷன் மேலே, ரீபவுண்ட் கீழே. சிலவற்றில் தலைகீழ். டபிள்யூபி கம்பெனியின் எக்ஸ்ப்ளோர் ஃபோர்க்கில் இடக்கால் முழுக்க கம்ப்ரெஷன், வலக்கால் முழுக்க ரீபவுண்ட். கையேட்டைப் பார்க்காமல் ஊகித்துத் திருகி, இரண்டு வாரம் தவறான கிளிக்கரோடு சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதல் படி: பின்புறம் எவ்வளவு உட்காருகிறது

பட்டறைப் போமன்கள் இதை சேக் என்பார்கள். ஓட்டுகிறவர் ஏறியதும் வண்டியின் பின்புறம் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. இதைச் சரிசெய்யாமல் மற்ற எதையும் தொடுவதில் பயனில்லை.

மூன்று பேர் வேண்டும்: ஓட்டுகிறவர், வண்டியை நேராகப் பிடிக்கிறவர், அளக்கிறவர். பின் சக்கரத்தின் ஆக்சலிலிருந்து நேர் மேலே, மட்கார்டின் ஓரத்தில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள். எல்லா அளவும் அந்த இரண்டு இடங்களுக்கு நடுவேதான்.

சக்கரம் தரையில் படாமல் தொங்கும்போது ஓர் அளவு. வண்டியைத் தரையில் இறக்கி, யாரும் ஏறாமல், சீட்டை இரண்டு முறை அமுக்கி விட்டு இரண்டாவது அளவு. ஓட்டுகிறவர் பூட்ஸ், ஹெல்மெட், நெஞ்சுக் கவசம், முதுகுத் தண்ணீர்ப்பை எல்லாம் போட்டுக்கொண்டு, ஃபுட்பெக்கில் நின்று, ஓட்டுவது போல் உடம்பை வைத்து மூன்றாவது அளவு. கவசங்கள் மட்டுமே 8 முதல் 10 கிலோ வரும். வெறும் சட்டையும் சிலிப்பரும் போட்டு அளந்தால் கணக்குத் தப்பும். டேங்கில் எப்போதும் போடும் அளவு பெட்ரோல் இருக்கட்டும்.

என் அக்கா மகன் வண்டியில் வந்த எண்கள்: தொங்கும்போது 610 மி.மீ., காலி வண்டி 575, அவன் ஏறியதும் 490. அதாவது காலி வண்டியில் 35 மி.மீ. இறங்குகிறது, ஆளோடு 120 மி.மீ. அது அதிகம்.

முழு அளவு மோட்டோகிராஸ் வண்டியில் பின் சக்கரம் ஏறி இறங்கும் மொத்தத் தூரம் சுமார் 300 மி.மீ. அதில் மூன்றில் ஒரு பங்கு, 100 மி.மீ. சுற்றி, கெட்டித் தரைக்குச் சரி. மணலுக்கு 105 முதல் 108 வரை இறக்குங்கள். பின்புறம் கொஞ்சம் உட்கார்ந்தால் முன்புறம் இலேசாகும், முன் சக்கரம் மணலின் மேலே மிதக்கும். 110-ஐத் தாண்டினால் வளைவில் முன் சக்கரம் பிடிக்காமல் வெளியே ஓடும். பேராசைப்பட்டு 120-க்குப் போனால் ஷாக்குக்கு மிச்சத் தூரமே இருக்காது.

அளவை மாற்றுவது ஷாக் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் வளையத்தால். பூட்டு வளையத்தைத் தளர்த்தி, கீழ் வளையத்தை இறுக்கினால் பின்புறம் உயரும், தளர்த்தினால் இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்கு சேக் ஏறக்குறைய 3, 4 மி.மீ. மாறும். கொக்கி ஸ்பானர் இல்லையென்றால் பித்தளைக் கம்பி வைத்துச் சுத்தியால் தட்டலாம். ஸ்குரூ டிரைவரால் தட்டி வளையத்தின் பல்லை உடைக்காதீர்கள். தட்டுவதற்கு முன் திரெட்டில் ஒட்டிய மணலைக் கழுவி, கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்.

ஸ்பிரிங் உங்களுக்கானதா?

இதுதான் பலர் தாண்டிப் போகும் இடம். ஆளோடு 105-க்குக் கொண்டுவந்த பிறகு, காலி வண்டி எவ்வளவு இறங்குகிறது என்று மறுபடி பாருங்கள். 25-க்கும் 40-க்கும் இடையில் இருந்தால் ஸ்பிரிங் உங்களுக்கு ஒத்துவருகிறது.

15, 10 என்று வந்தால்? ஸ்பிரிங் உங்களுக்கு மெலிது. மெலிந்த ஸ்பிரிங்கை வளையத்தால் இறுக்கி இறுக்கி உயரத்தைக் கொண்டுவந்திருக்கிறீர்கள், அதனால் காலி வண்டியில் அது இறங்க மறுக்கிறது. இங்கே எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "காலி வண்டி இறங்கவே இல்லை, அப்போ ஸ்பிரிங் கட்டி" என்று நினைத்து இன்னும் மெலிதானதைத் தேடுவார்கள். 45, 50 என்று வந்தால்தான் ஸ்பிரிங் உங்களுக்குக் கட்டி.

கம்பெனியிலிருந்து வரும் 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளின் ஸ்பிரிங்குகள் பொதுவாக 70, 75 கிலோ ஆளை மனத்தில் வைத்தவை. என் அக்கா மகனைப் பழைய இரும்புக் கடைத் தராசில் நிறுத்தினோம். கவசம் இல்லாமலே 84 கிலோ. வளையத்தை இறுக்கி 106-க்குக் கொண்டுவந்தபோது காலி வண்டியின் அளவு 25-க்குக் கீழே போய்விட்டது. ஒரு படி கனமான ஸ்பிரிங் மாட்டினோம். கிளிக்கரையே தொடாமல் வண்டி பாதி சரியானது. பின்னால் கனமான ஸ்பிரிங் போட்டால் முன்னாலும் யோசிக்க வேண்டும், ஒன்றை மட்டும் மாற்றினால் வண்டி தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கம் சாயும்.

செலவு நூற்றுக்கணக்கான வெள்ளியில் வரும். ஆனால் மின்னும் ஹேண்டில் பாருக்கும் ஸ்டிக்கருக்கும் கொடுக்கிற காசை முதலில் இதற்குக் கொடுங்கள்.

இரண்டாம் படி: ஃபோர்க்கின் உயரம்

ஃபோர்க்கைக் கவ்விப் பிடிக்கும் மேல் கிளாம்ப்புக்கு மேலே ஃபோர்க் குழாய் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். பல வண்டிகளில் 5 மி.மீ. அளவில். எவ்வளவு அதிகம் நீட்டுகிறதோ அவ்வளவு முன்புறம் தாழ்வு, வண்டி சட்டென்று திரும்பும். மணலில் நமக்கு வேண்டியது நேர் எதிர். குழாயைக் கீழே இறக்கி, கிளாம்ப்பின் மேல்மட்டத்தோடு சமமாக வையுங்கள். முன்புறம் உயர்ந்து, ஃபோர்க் கொஞ்சம் படுத்து, வேகத்தில் ஆட்டம் குறையும். சமமட்டத்துக்குக் கீழே மட்டும் இறக்கவே கூடாது, கிளாம்ப்புக்குப் பிடி போதாது.

இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று ஸ்கேலால் பார்க்க வேண்டும், கண்ணால் போதாது. கீழ்க் கிளாம்ப் போல்ட்டை மிருகத்தனமாக இறுக்கினால் குழாய் நசுங்கி, ஃபோர்க் அந்த இடத்தில் உரசும். இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர் இல்லாதவர்கள் கையேட்டின் எண்ணை எழுதிக்கொண்டு பட்டறையில் கடைசியாக ஒருமுறை இறுக்கி வாங்கலாம். முன் சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் ஆக்சல் நட்டை இறுக்கியதும் கீழே இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்து நாலைந்து முறை ஃபோர்க்கை அமுக்குங்கள், அதற்குப் பிறகுதான் ஆக்சலைக் கவ்வும் சின்ன போல்ட்டுகள். இல்லாவிட்டால் இரண்டு காலும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு உரசும்.

பின் சக்கரத்தையும் சங்கிலி இடம் கொடுக்கும் அளவுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள். வண்டி நீளமாகும், நேர் ஓட்டத்தில் நிதானம் கூடும். சேக் மாறினால் சங்கிலித் தளர்வும் மாறும், அதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் படி: முன்புறத்தை இறுக்குதல்

ஒரு வார்த்தை விளக்கம். கிளிக்கரில் "மெதுவான", "வேகமான" கம்ப்ரெஷன் என்று சொல்வது வண்டியின் வேகத்தை அல்ல, சஸ்பென்ஷன் அமுங்கும் வேகத்தை. பிரேக் பிடித்ததும் ஃபோர்க் முக்குவது மெதுவான அசைவு. குதித்து இறங்கும் அடி வேகமான அசைவு. ஃபோர்க்கின் கிளிக்கர் பெரும்பாலும் மெதுவான அசைவைத்தான் கட்டுப்படுத்தும். மணலில் நம்மைக் கவிழ்ப்பதும் அதுதான்.

எண்ணி வைத்த இடத்திலிருந்து ஃபோர்க் கம்ப்ரெஷனை 3 கிளிக் வலப்பக்கம். ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். இன்னும் முக்கினால் இன்னும் 2. ஃபோர்க்கின் பளபளக்கும் காலில் ஒரு கேபிள் டையைத் தானாக நழுவாத, ஆனால் தள்ளினால் நகரும் அளவுக்குக் கட்டி, எண்ணெய் சீலுக்கு நெருக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு ஓட்டுங்கள். ஃபோர்க் எவ்வளவு தூரம் அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது தள்ளப்பட்டிருக்கும். மிக மோசமான பள்ளத்தில் கடைசி 10, 15 மி.மீ. மிச்சம் இருந்தால் நன்று. ஒவ்வொரு சுற்றிலும் அடியைத் தொட்டால் தாங்கு பலம் போதவில்லை. 50, 60 மி.மீ. தொடாமலே கிடந்தால் அதிகமாக இறுக்கிவிட்டீர்கள்.

கிளிக்கர் முழுக்க மூடியும் அடியைத் தொடுகிறதா? அப்போது கிளிக்கரை விட்டுவிட்டு எண்ணெய் மட்டத்துக்குப் போங்கள். வெளிக்குழாயில் ஒவ்வொரு காலிலும் 5 முதல் 10 மில்லி எண்ணெய் கூட்டினால், மேலே இருக்கும் காற்றின் இடம் சுருங்கும். ஃபோர்க் ஆரம்பத்தில் மாறாது, கடைசி மூன்றிலொரு பகுதியில் மட்டும் நன்றாகக் கட்டியாகும். மலிவான, நல்ல வித்தை. காற்று ஃபோர்க் வைத்திருப்பவர்கள் இதற்குப் பதிலாக 0.2 பார் அழுத்தம் கூட்டிப் பார்க்கலாம், அதற்கான சின்ன பம்ப்பால். பெட்ரோல் நிலையக் காற்றுக்குழாய் இதற்கு உதவாது.

நான்காம் படி: பின் ஷாக்

பின்னால் பெரும்பாலும் இரண்டு கம்ப்ரெஷன் திருகுகள்: நடுவில் ஸ்குரூ டிரைவருக்கானது மெதுவான அசைவுக்கு, அதைச் சுற்றிய பெரிய அறுகோண நட் வேகமான அசைவுக்கு. அறுகோண நட்டை வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று. போதாவிட்டால் கால் சுற்று. மேட்டின் முகத்தில் மோதும்போது பின்புறம் அளவுக்கு மீறி அமுங்காமல் இது தாங்கும். நடுத் திருகில் 1, 2 கிளிக் போதும். அதை அதிகம் மூடினால் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது பின்புறம் உட்காராது. மணலில் பின் சக்கரம் உட்கார்ந்து தள்ள வேண்டும்.

ஷாக்கின் பக்கத்துச் சின்னத் தொட்டியில் நைட்ரஜன் வாயு சுமார் 10 பார் அழுத்தத்தில் இருக்கிறது. அதன் மூடியை வீட்டில் கழற்ற நினைக்காதீர்கள். அந்த வேலைக்குக் கருவியும் பழக்கமும் உள்ள ஆள் வேண்டும்.

ஐந்தாம் படி: ரீபவுண்ட், வாக்குவாதத்துக்கு உரிய இடம்

அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகத்தில் திரும்பி எழுகிறது என்பதே ரீபவுண்ட். மணலுக்கு இதை மெதுவாக்க வேண்டும் என்று ஒரு கட்சி, வேகமாக்க வேண்டும் என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரிடமும் பாதி நியாயம் இருக்கிறது.

பெரிய மேடுகளில் ஸ்பிரிங் ஆழமாக அமுங்குகிறது, உள்ளே நிறையச் சக்தி சேர்கிறது. அதை அப்படியே விட்டால் பின்புறம் துள்ளி எழுந்து உங்களை முன்னால் எறியும். அதனால் மெதுவாக்க வேண்டும். ஆனால் மேடுகள் நெருக்கமாக வரும்போது, சக்கரம் ஒரு மேட்டிலிருந்து திரும்பி நீளுவதற்குள் அடுத்த மேடு வந்துவிட்டால், ஒவ்வொரு மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டி தாழ்ந்துகொண்டே போகும். முதல் இரண்டு மேடு பஞ்சு மாதிரி, நான்காவது ஐந்தாவது மேடு கல் மாதிரி. இந்த அறிகுறியை மனப்பாடம் செய்யுங்கள். பலர் இதை "கம்ப்ரெஷன் கட்டி" என்று நினைத்து இளக்குவார்கள், நிலைமை இன்னும் மோசமாகும். நோய் ரீபவுண்டில் இருக்க, மருந்தைக் கம்ப்ரெஷனில் போடுகிறார்கள்.

என் வழக்கம்: பின்னால் 2 கிளிக் மெதுவாக்கித் தொடங்குவேன், முன்னால் 1. ஒரே ஒரு பெரிய மேட்டில் தாண்டிப் பார்ப்பேன். பின்புறம் நேராக மேலே உதைத்தால் இன்னும் 1 மெதுவாக்குவேன். அப்புறம் வரிசையாக மேடுகள் உள்ள இடத்துக்குப் போவேன். அங்கே நான்காவது மேட்டில் கட்டியாகிப் பக்கவாட்டில் தள்ளினால் 1 கிளிக் வேகமாக்குவேன். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் எங்கே சமரசம் கிடைக்கிறதோ அங்கே விட்டுவிடுவேன். நாம் ஓட்டும் இடத்தில் எது அதிகமோ அதன் பக்கம் சாய்ந்தால் தப்பில்லை. ஸ்பிரிங் கனமாக மாற்றியிருந்தால் ரீபவுண்டும் கட்டாயம் கொஞ்சம் மெதுவாக வேண்டும், கனமான ஸ்பிரிங் அதிக பலத்தோடு எழும்.

ஓட்டிப் பார்க்கும் முறை

முழுத் தடத்தையும் சுற்றாதீர்கள். ஒரு வளைவு, ஒரு நேர்ப்பாதை, ஆறேழு மேடு உள்ள ஓர் இரண்டு நிமிடத் துண்டு போதும். முதல் 10 நிமிடம் எதையும் தீர்மானிக்க வேண்டாம், எண்ணெய் சூடாகட்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றினால் எழுதுங்கள். இரண்டு கிளிக் திருகியும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் நாலு கிளிக் திருகிப் பாருங்கள், எந்தப் பக்கம் போக வேண்டும் என்றாவது தெரியும்.

வளைவில் முன் சக்கரம் உள்ளே மடிந்து புதைகிறதா? முன்புறம் தாழ்வு: ஃபோர்க் கம்ப்ரெஷன் 2 வலப்பக்கம், அல்லது சேக் 3 மி.மீ. கூட. வளைவில் பிடிக்காமல் வெளியே ஓடுகிறதா? பின்புறம் தாழ்வு: வளையத்தை ஒரு சுற்று இறுக்குங்கள். நேர்ப்பாதையில் ஹேண்டில் அடித்துக்கொள்கிறதா? முதலில் ஃபோர்க் உயரம், அப்புறம் பேரிங், அதற்குப் பிறகு நீங்கள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அதில் பாதி ஓட்டுகிறவர் குற்றம். மணலில் எடை பின்னால், முழங்கால் டேங்கைக் கவ்வி, கை தளர்ந்து, ஆக்சிலேட்டர் விடாமல் போக வேண்டும். சஸ்பென்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயந்து ஆக்சிலேட்டரை மூடினால் முன் சக்கரம் புதையத்தான் செய்யும்.

காலையில் கிடைத்த அமைப்பு மதியம் வேலை செய்யாது. காலை ஒன்பது மணிக்கு மணல் தட்டையாக இருக்கும், பதினோரு மணிக்கு வாய்க்கால் விழுந்திருக்கும். அப்போது கம்ப்ரெஷனில் இன்னும் 1, 2 கிளிக் தேவைப்படும். முந்தின நாள் சாயங்காலம் மழை பெய்திருந்தால் வேறு கதை. நனைந்த மணல் இறுகி, செம்மண்ணுக்கும் மணலுக்கும் நடுவில் நடந்துகொள்ளும், மேடுகளின் விளிம்பு கூர்மையாகும். அந்த நாட்களில் பின் ஷாக்கின் அறுகோண நட்டைப் பழைய இடத்துக்கே இளக்கிவிடுவேன்.

கிளிக்கர் இல்லாத வண்டிகள்

நம் ஊர்ப் பையன்களில் பலர் வைத்திருப்பது கவாசாகி கேஎல்எக்ஸ்150 வகையறா சின்ன வண்டிகள்தான். இவற்றில் பலவற்றுக்குக் கிளிக்கரே கிடையாது. மனம் தளர வேண்டாம். சேக் கணக்கு இங்கேயும் அதே மூன்றிலொரு பங்குதான்: பின் சக்கரம் மொத்தம் 180 மி.மீ. அசைந்தால் 60 மி.மீ. சுற்றி. ஃபோர்க்கில் எண்ணெய் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தலாம், ஒரு படி கெட்டியான எண்ணெய் போடலாம், ஸ்பிரிங்குக்கு மேலே 5 மி.மீ. குழாய்த் துண்டு வைக்கலாம். கெட்டி எண்ணெய் கம்ப்ரெஷனையும் ரீபவுண்டையும் சேர்த்தே மெதுவாக்கும் என்பதை நினைவில் வைத்து, ஒரு படிக்கு மேல் போகாதீர்கள்.

வீடு திரும்பும்போது

இடத்தைப் பற்றி ஒன்று. பழைய லம்பத்தில் வெள்ளை மணலுக்குப் பக்கத்திலேயே சாம்பல் நிறச் சேறு தேங்கிய பகுதிகள் உண்டு. மேலே காய்ந்து தரை மாதிரி தெரியும், உள்ளே கஞ்சி. வண்டியும் ஆளும் இறங்கினால் ஏறுவது கஷ்டம். புதிய இடத்தில் முதலில் கம்பால் குத்திக்கொண்டு நடந்து பாருங்கள், தனியாகப் போகாதீர்கள். தோட்ட நிலத்தின் வழியாகப் போவதானால் ஆபீஸில் கேட்டுவிட்டுப் போங்கள். பதிவில்லாத போட்டி வண்டியைச் சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள்.

கழுவும்போது தண்ணீர்ப் பீச்சியை ஃபோர்க் சீலுக்கும் லிங்கேஜுக்கும் நேராகப் பிடிக்காதீர்கள், மணலை நீங்களே உள்ளே அனுப்புவதாகிவிடும். சீலில் எண்ணெய் கசிந்தால் உடனே மாற்ற வேண்டியதில்லை. தூசிச் சீலைக் கீழே இறக்கி, பழைய ஃபோட்டோ நெகடிவில் ஒரு துண்டைக் கொக்கி மாதிரி வெட்டி, சீலின் உதட்டுக்குள் செலுத்திச் சுற்றி இழுங்கள். மாட்டியிருந்த மணல் துகள் வந்துவிட்டால் பத்துக்கு ஆறு முறை கசிவு நின்றுவிடும். நெகடிவ் இந்தக் காலப் பையன்களுக்குக் கிடைக்காது, தண்ணீர் போத்தலின் பிளாஸ்டிக் போதும்.

அப்புறம், அடுத்த நாள் செம்மண் சாலையில் ஓட்டப் போகிறீர்களானால், ஃபோர்க்கை 5 மி.மீ. மறுபடி ஏற்றி, வளையத்தை ஒன்று, ஒன்றரைச் சுற்று இறுக்கி, கிளிக்கர்களை நோட்டில் எழுதிய பழைய எண்ணுக்குத் திருப்பி வையுங்கள். என் அக்கா மகன் போன மாதம் இதை மறந்துவிட்டு மணல் அமைப்போடு தோட்டத்துச் சாலையில் போய்வந்தான். கை மரத்துப்போய், இரண்டு நாள் கோப்பையைப் பிடிக்க முடியவில்லை என்றான்.